புது வால்வும் பழைய குழாயும்

ஒரத்தநாட்டுப் பக்கம் மருதையன் வாயைத் திறந்தால் நாலு வயல் தள்ளி வேலை செய்கிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எவனாவது முறை தப்பி மடையைத் திறந்துவிட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அந்தத் தொண்டைக்காகவே அக்கம்பக்கத்தில் சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்தவள் அவர் மனைவி தங்கமணி.

எழுபது தாண்டியதும் அவருடைய இதய வால்வு சுருங்கிப்போனது. நெஞ்சைத் திறக்காமல், தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைத்தார்கள். சீக்கிரமே எழுந்து நடந்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

"பம்புசெட்டுக்கு ஃபுட்வால்வு மாத்துன மாதிரிதான். அப்புறம் பிரஷர் மாத்திரை எதுக்கு? தின்னா கிறுகிறுன்னு வருது" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். தங்கமணி சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது?

ஒரு காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போனவர், மூச்சைப் பிடித்து டீசல் எஞ்சினின் கைப்பிடியைச் சுழற்றினார். தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி பிடுங்கியது. எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"சுளுக்கு புடிச்சிருச்சு. பக்கிரியக் கூப்பிடு."

பக்கிரிதான் அந்த ஊரில் சுளுக்கு எடுக்கிறவன். போன் போட்டு வரவழைத்தது தங்கமணியேதான்.

பக்கிரி எண்ணெயைத் தடவினான். "பல்லக் கடிச்சுக்கங்கண்ணே, ஒரே அமுக்கு" என்று முழங்கையை முதுகில் வைத்தான். போன வருஷம் இதே வைத்தியத்துக்கு ஊரையே கூட்டிய மனுஷன், இப்போது முனகக்கூட இல்லை. முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இவர் ஏன் கத்தவில்லை?

"பக்கிரி, கைய எடுடா!"

காரைப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தார் டாக்டர் ஷைலஜா.

"இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கும்மா. புது வால்வு நல்லாத்தான் இருக்கு. குழாய் பழசு, பிரஷரைத் தாங்கல. நல்லவேளையா கிழிசல் இதயத்துக்கிட்ட இல்ல, தள்ளி முதுகுப் பக்கமா இருக்கு. அதனால இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஊசி மருந்துல பிரஷரை இறக்கிட்டு, திரும்பத் திரும்ப ஸ்கேன் பார்ப்போம். கிழிசல் வளர்ந்தா உள்ள ஸ்டென்ட் வைக்கணும். அவர் கோபப்படவே கூடாது, பதறக் கூடாது."

"சுளுக்குன்னு அந்த எடத்துல அமுக்கியிருந்தா டாக்டர்?"

"அமுக்க விடாம இருந்தீங்களே, அதுவே போதும்மா" என்றார் ஷைலஜா.

நாலாம் நாள்தான் அவரைப் பார்க்க விட்டார்கள். உள்ளே போகும்முன் பக்கத்து வயல் நாகநாதன் போனில் சொல்லியிருந்தார்: "எஞ்சின் போட்டது போட்டபடி கெடக்குங்க அக்கா. நாத்தெல்லாம் கருகிருச்சு."

கட்டிலுக்கு மேலே பெட்டியில் எண்கள் ஓடின. பிரஷரின் மேல் எண் நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"நாத்தங்காலுக்குத் தண்ணி வச்சாச்சா?" மருதையனின் குரல் நூலாக வந்தது. தங்கமணி பெட்டியைப் பார்த்தாள். எண் ஏறிக்கொண்டிருந்தது.

"நாகநாதன் தம்பி வச்சிட்டாருங்க. வரப்பு முட்ட நிக்குது."

"எவனும் மடைய ஒடைச்சு விடலயே?"

"ஒருத்தரும் தொடலங்க."

அவர் கண்ணை மூடினார். எண் மெல்ல இறங்கியது.

தங்கமணி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கும் கேட்பார். வீட்டுக்கு வந்தால் கருகிய நாற்றைக் கண்ணாலேயே பார்ப்பார். வரட்டும், பார்க்கட்டும், நாலு வயலும் கேட்க என்னைத் திட்டட்டும் என்று நினைத்தாள். அடுத்த கணமே, ஐயோ, திட்டவும் கூடாதே என்று பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.