லண்டனில் நான் தனியாக நடந்த தெரு

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை ஹீத்ரோவில் இறங்கினேன். விமானத்தின் வாசலில் ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியோடு காத்திருந்தார். "கால் நன்றாக இருக்கிறது. கண்தான் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்து நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் முழங்கையை நீட்டினார். வந்த ஊரின் மேல் அப்போதே எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

வெளியே தம்பி செந்தில் நின்றிருந்தான். விமான நிலையத்திலிருந்து கிங்ஸ்பரியில் உள்ள அவன் வீடு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். காரில் ஹவுன்ஸ்லோவைக் கடக்கும்போது, "அக்கா, இடது பக்கம் பாரு" என்று தொடங்கி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "சொல்லுடா, கேட்டுக்கிறேன்" என்றேன்.

என் கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழித்திரை நோய். முப்பது வயதில் ஓரங்கள் மங்கின, நாற்பத்தைந்தில் நடுவும் போயிற்று. இப்போது வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கண் போன பிறகும் பள்ளிக்குத் தனியாகத்தான் போய்வந்தேன், மூடியில்லாத சாக்கடை ஒன்றில் விழுந்து கால் முறியும்வரை. அதற்குப் பிறகு ஆறு வருடமாக என் கணவர் என் கையை விட்டதில்லை. அன்பினால்தான் விடவில்லை. ஆனால் அந்த ஆறு வருடத்தில் தெருமுனைக் கடைக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. முன்பு பிடித்து நடந்த வெள்ளைக் குச்சி மடித்தபடியே பெட்டியில் கிடந்தது. லண்டனுக்குக் கணவரால் வர முடியவில்லை. தனியாகப் புறப்பட்டபோது ஏதோ நினைப்பில் அந்தக் குச்சியையும் எடுத்து வைத்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் கோபுரங்களும் பாலங்களும் இருக்காது. நடைபாதை இருக்கும். அதைத்தான் நான் பார்த்தேன்.

மறுநாள் காலை செந்திலின் மனைவி மதுரா என்னைக் கிங்ஸ்பரி கடைத்தெருவுக்கு அழைத்துப்போனாள். மதுரா யாழ்ப்பாணத்துப் பெண். சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்தவள். லண்டன் நகரத்துக்குள் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. எனக்காக ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தாள். அவள் கையைப் பிடித்து நடக்கும்போது ஒரு சந்திப்பில், பயணத்துக்காகக் கணவர் வாங்கித் தந்த புதுச் செருப்புக்கு அடியில் தரை மாறியது. சமதளமாக வந்த கல்லில் திடீரென்று வரிசை வரிசையாகக் குமிழ்கள். ரயில் நிலையங்களில் இதை மிதித்திருக்கிறேன். இங்கே தெருவிலேயே இருந்தது. நடைபாதை ஒரு படியாக இறங்காமல் சாலையின் மட்டத்துக்கு மெல்லச் சரிந்தது. குமிழ்களின் ஒரு கிளை பின்னால் நீண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் சிக்னல் கம்பத்தில் கை இடித்தது.

மதுரா பட்டனை அழுத்தினாள். காத்திருக்கும் நேரத்தில் என் கை சும்மா இருக்காமல் அந்தப் பட்டன் பெட்டியைத் தடவியது. அடியில் விரல் நுனி அளவில் வரிவரியாக ஒரு கூம்பு. அது என்ன என்று யோசிப்பதற்குள் சுழலத் தொடங்கியது. பூச்சியைத் தொட்டதுபோல் கையை உதறினேன்.

"என்ன மச்சாள், சுட்டுப்போட்டுதோ?"

"இதுக்கு அடியில என்னமோ சுத்துது மதுரா."

அவள் குனிந்து பார்த்தாள். "கடவுளே! ஓம், ஒண்டு இருக்கு. பதினெட்டு வரியமா இந்தச் சந்தியிலை நிண்டு நிண்டு போறன். ஒருநாளும் காணேல்லை."

நாங்கள் சாலையைக் கடக்கவில்லை. மூன்று முறை பட்டனை அழுத்தி, மூன்று முறை காத்திருந்தோம். "பச்சை மனிசன் வரேக்கை சுத்துது. அவன் போக நிண்டிடுது" என்று மதுரா அறிவித்தாள். எல்லாச் சந்திப்பிலும் சிக்னல் ஒலி எழுப்புவதில்லை. பக்கத்துச் சந்திப்பின் ஒலியைக் கேட்டுத் தவறாக யாரும் இறங்கிவிடக்கூடாது அல்லவா? அந்த இடங்களில் கூம்பு விரலுக்குச் சொல்லிவிடும். நான்காவது முறை மதுராவின் கையை விட்டுவிட்டு, கூம்பு சுழன்றதும் நானே நடந்தேன். எதிர்ப்புறக் குமிழ்கள் காலில் பட்டன.

அன்று சாப்பாட்டின்போது, நாளை முதல் மறுபடி குச்சியோடு நடந்து பழகப்போகிறேன் என்றேன். செந்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "ஏதாவது ஆச்சுன்னா அத்தானுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுறன்" என்றாள் மதுரா.

அந்த வாரம் முழுக்க நான் முன்னால் நடக்க, பத்தடி பின்னால் அவள் பேசாமல் வந்தாள். பேசக்கூடாது என்பது என் நிபந்தனை. இரண்டு முறை தபால் பெட்டியில் மோதினேன், அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நானூறு மீட்டர் தனியாகப் போய்த் தமிழ்க் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிவந்தேன். விலை ஒரு பவுண்ட். ஊரில் காய் வாங்கினால் சும்மா கொடுக்கும் கறிவேப்பிலைக்கு இங்கே நூறு ரூபாய்க்கு மேல். அன்றைக்கு அது எனக்குக் கொள்ளை மலிவாகத் தோன்றியது.

விடுப்பு முடிந்து மதுரா வேலைக்குப் போனாள். மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, அவளோடு மதியம் சாப்பிட நான் நகரத்துக்குள் போவதாக எங்கள் இருவருக்குள் ஏற்பாடு. செந்திலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்திருப்பான்.

கிங்ஸ்பரியிலிருந்து ஜூபிலி என்ற சுரங்க ரயில் தடத்தில் சதர்க் நிலையத்துக்கு வண்டி மாறாமல் போகலாம். ஏறும் இடத்தில் ஊழியர் என்னைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அங்கே கதவு திறந்தபோது ஒரு பெண் என்னை எதிர்பார்த்து நின்றாள். அவளிடம் வெளிவாசலில் விடைபெற்றேன். அங்கிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் சாலையில் ஆற்றை நோக்கி நானூறு மீட்டர் நடந்தால் மதுராவின் அலுவலகம். இடப்பக்கம் கட்டடச் சுவர்கள். வலப்பக்கம் சைக்கிள் பாதை, அதற்கப்பால் பேருந்துகள். சைக்கிள் சங்கிலிகளின் கிர்கிர் என்ற சத்தம் ஒரு வேலிபோல் கூடவே வந்தது. நடைபாதை அகலமாக, அடி பிசகாத மட்டத்தில் இருந்தது. என் வேகம் கூடியதை நானே உணர்ந்தேன்.

பாதித் தூரத்தில் ரம்பம் கல்லை அறுக்கும் ஓசை. குச்சி ஒரு தடுப்பில் தட்டியது. தடுப்பின் அடியில், தரையை ஒட்டி ஒரு பட்டைப் பலகை. குச்சி அதன் மேலேயே உரசிக்கொண்டு போயிற்று. தோண்டிய இடத்தைச் சுற்றி எனக்கென்று ஒரு சுவர் எழுப்பி வைத்ததுபோல் இருந்தது. அதை ஒட்டியே வளைந்து மறுபடி நடைபாதையில் ஏறினேன். சாக்கடையில் விழுந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த மகிழ்ச்சியில் கவனம் தளர்ந்திருக்கலாம். யாரோ வாடகைக்கு எடுத்து ஓட்டிய சைக்கிளை நடைபாதையின் குறுக்கே சாய்த்துப் போட்டுப் போயிருந்தார்கள். குச்சி சக்கரத்துக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது. தடுமாறி, எதையோ பிடித்து, விழாமல் நின்றேன். ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் எத்தனை சுற்றுத் திரும்பினேன் என்று தெரியவில்லை. ரம்பத்தின் இரைச்சலில் மற்ற ஓசைகள் எல்லாம் அமுங்கிவிட்டன. சாலை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், ஒன்றும் புரியவில்லை. ஒரு எட்டு வைத்தால் வண்டிக்கு முன்னால் போய் நிற்பேனோ? கால் முறிந்த நாள் உடம்புக்குள் திரும்பி வந்தது. முதுகில் வியர்த்தது. "அட முருகா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ரம்பம் நின்றது. மறுபடியும் "முருகா" என்றேன்.

"அக்கா தமிழோ? அசையாதேங்கோ, நான் வாறன்." பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. "வாங்கோ, அங்காலை கொண்டுபோய் விடுறன்" என்று ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சொரசொரப்பான கையுறை.

அந்தப் பிடி அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அப்படியே போயிருந்தால் இரண்டு நிமிடத்தில் மதுராவிடம் சேர்ந்திருப்பேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"தம்பி, கைய விடுங்க. கோவிச்சுக்காதீங்க. சுவர் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

அவர் கையை எடுத்தார். "சுவர் உங்கடை பின்னுக்கு. ரோட்டு முன்னுக்கு. இடக்கைப் பக்கம் திரும்பினா ஆறு. இதிலை கிடக்கிற சைக்கிளை நான் எடுத்து விடுறன்."

அவ்வளவுதான். இடப்பக்கம் திரும்பினேன். ஊர் மறுபடி அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அவர் பெயர் ரவி. பாரிஸில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர், குடும்பம் ஹவுன்ஸ்லோவில். நடைபாதைக் கல் பதிக்கும் குழுவில் வேலை. "அக்கா, உங்களுக்கு முன்னுக்குச் சின்ன ரோட்டு ஒண்டு குறுக்கை போகுது. அதின்ரை வாயிலை குமிழ்க் கல்லு நேற்றுத்தான் பதிச்சனாங்கள். இப்ப நல்லா இறுகீட்டுது. ஒருக்கா ஏறிப் பாக்கிறியளோ?"

தடுப்பை நகர்த்தும் ஓசை கேட்டது. ஏறினேன். புதுக்கல்லின் குமிழ்கள் கூர்மையாக இருந்தன. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல நடந்தேன். ஒரு கல்லும் ஆடவில்லை. விளிம்பில் நின்றால் மூக்கு நேராக எதிர்ப்புறத்தைத்தான் நோக்கியது.

"எப்பிடி?" குரலில் உண்மையாகவே ஆவல்.

"நல்லா இருக்கு தம்பி. எந்தப் பக்கம் போகணும்னு கல்லே சொல்லுது."

"எத்தினை தெருவிலை பதிச்சிருக்கிறன். இதிலை நடக்கிற ஆளோடை கதைச்சது இண்டைக்குத்தான்."

மூன்று வாரமாக யார் யாரையோ மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன். கூம்பை யோசித்தவரை, சரிவைக் கட்டியவரை, தடுப்பின் அடியில் பலகை வைக்கச் சொன்னவரை. ஒருவரையும் எனக்குத் தெரியாது. இப்போது ஒருவர் முன்னால் நிற்கிறார். குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினேன்.

"ஐயோ, நான் சம்பளத்துக்குச் செய்யிறன் அக்கா."

"சம்பளத்துக்குத்தான். ஆனா நேரா வச்சிருக்கீங்களே."

நான் வண்டிகளுக்குக் காது கொடுத்தேன். தெரு அமைதியாக இருந்தது. இறங்கிக் கடந்தேன். எதிர்ப்பக்கம் ஏறி நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் ரம்பம் மறுபடி இரைந்தது. நான் கேட்டு நடப்பதற்காக அதுவரை நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

மதுரா அலுவலக வாசலில் நின்றிருந்தாள். அரைமணி நேரமாக நிற்கிறாள் என்று பிறகு வாயிற்காவலர் சொன்னார். "வந்திட்டியள்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டி வந்திருந்தாள். ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மாலையில் விஷயம் தெரிந்து செந்தில் குதித்தான். கோபத்தோடேயே என் கணவருக்குப் போன் போட்டான். "அத்தான், அக்கா என்ன பண்ணியிருக்கா தெரியுமா? தனியா ட்ரெயின் ஏறி, லண்டனுக்கு நடுவுல..." சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. கடைசியில் அது புகாரே இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதைச் சொல்வதுபோல் இருந்தது. போன் என் கைக்கு வந்தது. "புதுச் செருப்பு கடிக்கலையே?" என்று கேட்டார் என் கணவர்.

அக்டோபர் நடுவில் ஊர் திரும்பினேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கல்லும் இல்லை, சரிவும் இல்லை. நடைபாதை என்று இருப்பதில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. வந்த மறுநாள் காலை குச்சியோடு வாசலில் இறங்கினேன். கணவர் பக்கத்தில் வந்தார், கையைப் பிடிக்கவில்லை. பத்து வீடு தாண்டியதும் குச்சி ஒரு மர பெஞ்சில் முட்டியது. டீக்கடை பெஞ்சு. கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "டீச்சர், தினமும் இந்தப் பக்கம் வருவீங்களா?"

"வருவேன்."

அன்றைக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைதான் என்னால் முடிந்தது. அதற்கப்பால் நான் விழுந்த சாக்கடைக்கு இன்னும் மூடி போடவில்லை. நானே கையை நீட்டிக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளும் போனேன். டீ வாசனை வந்ததும் பெஞ்சை எதிர்பார்த்துக் குச்சியை மெல்ல நீட்டினேன். குச்சிக்கு எதுவும் தட்டுப்படவில்லை.