மச்சாது வீட்டுப் புல்லட்

போன ஞாயிறு ஒரு பெண் பார்க்கும் படலம். நடுவில் நின்று பேசி முடிக்கப் போனவன் நான். பஜ்ஜி சாப்பிடப் போனவன் என்றும் சொல்லலாம்!

பெண்ணின் அப்பா மச்சாது அண்ணாச்சி, தூத்துக்குடி உப்பளக்காரர். வாசலில் அவருடைய புல்லட் நின்றது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தினமும் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறார். தன் தலைக்குப் பூசுகிறாரோ என்னவோ...

சீமையில் பிறந்த வண்டி அது. நம் பட்டாளத்துக்காகச் சென்னைக்கு வந்தது. இப்போது சீமையில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். சென்னையில் மட்டும் ஜோராகத் தயாராகிறது. பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளையை ஆளாக்கியது யார்? நாம்தானே! அந்த ‘டப் டப்’ சத்தம் கேட்டால் எனக்கே மார்பு நிமிர்கிறது.

மாப்பிள்ளை அந்தோணிக்குத் துறைமுகத்தில் வேலை. அவரிடமும் மோட்டார் சைக்கிள் உண்டு — வேறு ரகம். காபி முடிந்ததும் அண்ணாச்சி புல்லட் சாவியை நீட்டினார். வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் அவர் வைக்கும் பரீட்சை அதுதான். முன்பு வந்த ஒருவர் கிக்கரை உதைத்துக் கால் வீங்கி, ‘ஓட்டை வண்டி’ என்று முணுமுணுத்தார். சம்பந்தம் அத்தோடு சரி.

அந்தோணி சூட்சுமம் தெரிந்தவர்; கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப்ஸ் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரே உதை. கிளம்பிவிட்டது!

போனவர் நடந்து திரும்பினார். உடம்பெல்லாம் உப்பு. வளைவில் எதிரே மாட்டுவண்டி வந்திருக்கிறது, உப்புக் குவியலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

“பிரேக்கு புடிக்கலியா மாப்ள?” என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

எனக்குப் பகீரென்றது. ‘ஆமாம்’ என்று தலையாட்டினால் போச்சு... வண்டியைப் பழித்தவனுக்கு அந்த வீட்டில் பெண் ஏது?

“வண்டி மேல குத்தமில்ல மாமா. என் வண்டில பிரேக்கு வலது பக்கம். இதுல அங்கன கியர்லா இருக்கு. பழக்கத்துல அதப் போய் மிதிச்சிட்டேன்.”

அண்ணாச்சி வாய் திறப்பதற்குள் தெருவில் ‘டப் டப்’. பெண் பிலோமினா! உப்பு அரிப்பதற்குள் வண்டியை மீட்க, கொல்லைப்புறமாக எப்போதோ ஓடியிருக்கிறாள். அண்ணாச்சி மகளுக்கு நடை பழக்கிய கையோடு புல்லட்டும் பழக்கிவிட்டார் போல. புடவையைச் செருகிக்கொண்டு அவள் ஓட்டி வந்த அழகைப் பார்க்கணுமே! அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தமா பந்தமா, எனக்கும் தாங்கவில்லை.

நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்குச் சம்மதம்ப்பா. பின்னால உக்காந்து வர அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க.”

கேட்பதற்கு வேலையே இல்லை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தாயிற்று!