கண்ணாடி வீட்டில் கேட்ட பெயர்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும். நோர்பரியில் மருந்துக்கடையில் வேலை செய்யும் கோசிகாவைத் தெரிந்தவர்களுக்கு, அவள் கதை கட்டுகிறவள் இல்லை என்று தெரியும். பேய்ப்படம் ஓடினால் எழும்பிப்போய் அடுப்பைத் துடைக்கிற ஆள் அவள்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. கணவன் சிவதர்ஷன் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பேர்மிங்காமில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போனான். தான் நித்திரை கொள்ளவேண்டும் என்று சொல்லிக் கோசிகா நின்றுவிட்டாள். கார் தெருமுனை திரும்பியதும் அவளுக்கு வேறு எண்ணம் வந்தது. பக்கத்து ஊர்ப் பூங்காவில் கார்னிவல் வந்து இறங்கியிருந்தது. பிள்ளைகளோடு போனால், ஜாக்கெட்டுகளையும் தண்ணீர்ப் போத்தலையும் காவிக்கொண்டு கீழே நிற்பதுதான் அவள் வேலை. இன்றைக்குத் தானே ஏறலாம். யாரும் கூப்பிடக்கூடாது என்று கைப்பேசியை வேண்டுமென்றே வீட்டில் வைத்தாள். எங்கே போகிறாள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ராட்டினத்தில் ஏறி வீட்டுக் கூரைகளைப் பார்த்தாள். பஞ்சுபோல் ஊதிய தும்பு முட்டாஸ் வாங்கி, ஒருவருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றாள். மோதும் கார்களில் ஏறி, முன்பின் தெரியாத ஒரு பெடியனை இடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பின்னேரம் மூன்று மணிபோல, கடைசி வரிசையில் இருந்த கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். உள்ளே ஒருவரும் இல்லை, ஆறுதலாகச் சுற்றிவிட்டு வரலாம் என்றார்.

உள்ளே சில சுவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடி. சில சுவர்கள் மறுபக்கம் தெரியும் வெறும் கண்ணாடி. எது எதுவென்று தெரியாமல் நெற்றியை இடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. திரும்பிய பக்கமெல்லாம் சிவப்புச் சட்டையில் கோசிகாக்கள்.

ஒரு மூலையில் தரையில் பச்சைச் சுவிங்கம் ஒட்டியிருந்தது. தாண்டிப் போனாள். இடது பக்கம் திரும்பினாள். மறுபடியும் அதே சுவிங்கம். வலது பக்கம் போனாள். அதே சுவிங்கம்...

அப்போதுதான் கவனித்தாள். வெளியே அதிர்ந்துகொண்டிருந்த பாட்டுக் கேட்கவில்லை. ஜெனரேட்டரின் உறுமல் இல்லை. பிள்ளைகளின் கூச்சல் இல்லை.

"ஹலோ" என்று கத்தினாள். தலையணைக்குள் கத்தியதுபோல் இருந்தது.

வந்த வழியைத் தேடிக் கையால் தடவிக்கொண்டே போனாள். கண்ணாடி. கண்ணாடி. கண்ணாடி. வந்த வழி இல்லை.

டொக்... டொக்...

யாரோ தட்டினார்கள்.

வெறும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். இருபது வயதிருக்கும். எரிக்கிற வெயில் நாளில், கழுத்துவரை பூட்டிய தடித்த குளிர் அங்கி.

"அக்கா, தமிழோ?"

கோசிகாவுக்கு உயிர் வந்தது. "ஓம். வாசல் எங்க எண்டு தெரியுமோ?"

"நானும் அதைத்தான் தேடுறன்."

எவ்வளவு நேரமாக என்று கோசிகா கேட்டாள். அந்தப் பெண் கண்ணாடிக்குக் கிட்ட வந்தாள்.

"வெளியில இன்னும் பனி கொட்டுதோ?"

கோசிகாவின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அந்தப் பெண்ணின் மூக்கு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பக்கம் மங்கவில்லை.

"உங்கட பேர் என்ன, அக்கா?"

சொல்லக்கூடாது என்று மனம் சொன்னது. வாய் சொல்லிவிட்டது. "கோசிகா."

"எங்க இருக்கிறியள்?"

"நோர்பரியில."

அந்தப் பெண் இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைபோல.

பிறகு திரும்பி நடந்தாள்.

நேராக.

கோசிகா பின்னால் ஓடினாள். முகத்தில் கண்ணாடி இடித்தது.

சுற்றிலும் எல்லாக் கோசிகாக்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருத்தி மட்டும்...

கையைக் கீழே விட்டபடி நின்றாள்.

கோசிகா கண்ணை இறுக்க மூடினாள். கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். மோதினாள். விழுந்தாள். எழும்பி ஓடினாள். எங்கோ ஒரு கதவு தள்ளுப்பட்டது. வெயில்... பாட்டு... பிள்ளைகளின் சத்தம்.

மூக்கில் இரத்தத்தைக் கண்டு கிழவர் பதறி எழும்பினார். துடைக்கத் துணி கொடுத்தார். கூட வந்த பெண் முன்னமே வெளியே போய்விட்டாளே, இந்த வெயிலில் அவளுக்கு எதற்கு அந்த அங்கி என்று கேட்டார். தான் தனியாகத்தான் வந்ததாகக் கோசிகா சொன்னாள். கிழவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பெண் நோர்பரிக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று தன்னிடம் கேட்டாள் என்றார்.

அன்றிரவு கோசிகா எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு இருந்தாள். யாரும் வரவில்லை. மறுநாள் மூக்கு வீக்கத்தைக் கண்டு சிவதர்ஷன் கேட்டபோது, குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னாள். கார்னிவலுக்குப் போனதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மூன்று கிழமை போனது. ஹரோவிலிருந்து பிரியம்வதா போன் எடுத்தாள். சென்னைக்காரி. முன்பு கோசிகாவோடு ஒரே மருந்துக்கடையில் வேலைக்கு நின்றவள். கார்னிவல் இப்போது அவர்கள் பக்கம் வந்திருக்கிறதாம். அவளுடைய மகள் ஸ்ரீநிதி முந்தின நாள் கண்ணாடி வீட்டுக்குள் போய், வெளியே வந்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறாளாம்.

"உள்ள ஒரு ஆன்ட்டி கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். சிவப்புச் சட்டை. பேரு கோசிகான்னு சொன்னாங்களாம்."

கோசிகா போனைக் காதோடு அழுத்தினாள்.

"விளையாட்டுக்குன்னு நெனச்சு உன் போட்டோவக் காட்டினேன். இவங்கதான்னு சொல்றா. நேத்து நீ இங்க வந்தியா?"

"இல்லை. நான் கடையில நிண்டனான்." "வேற என்ன கதைச்சவா?"

"பெருசா ஒண்ணும் இல்ல. இவ பேரையும் வீடு எங்கேன்னும் கேட்டாங்களாம். இவ சொல்லிட்டா."