வெளியே போனால் உள்ளே வர முடியாது

பிறந்த வீட்டில் அவருக்குப் பெயர் பெரியவன். கடல் கடந்து வேலை பார்த்த கத்தோலிக்கப் பங்கில் ஜீப் சாமியார். மலைச்சரிவில் சிதறிக்கிடந்த கோயில்களுக்கெல்லாம் அவர் ஒருவரே குரு. ஓரிடத்தில் பூசை, அடுத்த இடத்தில் ஞானஸ்நானம், அதற்கடுத்து அடக்கம் என்று ஞாயிறு முழுக்க ஜீப்பிலேயே கழியும். சீட்டின் கம்பி குத்தாமல் இருக்கச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்.

மூன்று வருஷம் என்று சொல்லித்தான் துறவற சபை அவரை அனுப்பியது. போன இடத்தில் ஆட்சி மாறியது. வெளிநாட்டுக் குருக்களை இனி உள்ளே விடுவதில்லை என்றது புது அரசு. இருப்பவர்கள் இருக்கலாம், ஒரு தடவை வெளியே போனால் அதோடு சரி. ஒருவர் இருதய ஆபரேஷனுக்குப் போனார். ஒருவர் மனசு விட்டுப்போய்க் கிளம்பினார். அவர்களுடைய கோயில்களும் இவர் தலையில் விழுந்தன.

"கதவு திறந்தே கிடக்குற ஜெயில் இது" என்று முதலில் சிரித்துக்கொண்டே சொல்வார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அறையின் ஒரே ஜன்னல் பள்ளிக்கூடத்தின் பின்சுவரைப் பார்த்திருந்தது. மழை மாதங்களில் துவைத்த அங்கி காயவே காயாது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போவார்.

ஒருநாள் தங்கை போன் செய்தாள். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றுவிட்டார் டாக்டர்.

"உன்னைத்தான் தேடுறாங்க அண்ணா. வந்துடு."

அவர் அந்த மறைமாவட்டத்தின் ஆயரிடம் ஓடினார். வயதான ஆயர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போங்கன்னு சொல்லவும் முடியல. நீங்களே முடிவு பண்ணுங்க."

இரண்டில் ஒன்றை உத்தரவாகச் சொல்லியிருந்தால் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினார்.

டிக்கெட் எடுத்தார். பூசை முடிவில் விஷயத்தைச் சொன்னார். யாரும் அழவில்லை, போகாதீர்கள் என்று கெஞ்சவில்லை. வரிசையில் வந்து நின்றார்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு. வருஷக்கணக்காகக் கோயில் பக்கமே தலைகாட்டாதவர்களும் நின்றார்கள். கசாப்புக் கடைக்காரர் வரிசையில் நின்றபடியே சத்தமாகக் கேட்டார்:

"சாமி, இனிமே செய்யப்போற பாவத்துக்கும் சேர்த்து இப்பவே மன்னிப்பு வாங்கிக்கலாமா? அப்புறம் யார்கிட்ட போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசை தீரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றே தங்கையைக் கூப்பிட்டார்.

"நான் வரலம்மா."

அவள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நீ சாமி. எங்களுக்கு மட்டும் வெறும் போன் குரல்." லைனைத் துண்டித்தாள்.

ஆனாலும் மனசு கேட்காமல், இரண்டு நாள் கழித்து அவளே போனை அம்மாவின் காதருகே வைத்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா."

"எப்ப வர்ற?"

"சீக்கிரம் வந்துடுறேம்மா."

"பொய் சொன்னா உனக்குத் தொண்டை அடைக்கும். சின்ன வயசுலயும் அப்படித்தான்" என்றாள் அம்மா. அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே வேறொரு குரு அடக்கம் செய்துவைத்தார். இங்கே அவர் முதன்முறையாகத் தமிழில் பூசை வைத்தார். ஒரு வார்த்தைகூடப் புரியாத ஜனங்கள், பதில் சொல்ல வேண்டிய இடங்களில் தங்கள் பாஷையில் பதில் சொன்னார்கள். ஓரிடம்கூடத் தவறவில்லை.

அதனால் அவருக்கு ஆறுதல் வந்துவிடவில்லை. தாமதமாக வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தார். பாடகர் குழுவைப் பாதியில் நிறுத்தித் திட்டினார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார். ஒரு மதியம் சமையல்காரம்மா நேராக வந்து நின்றாள்.

"எங்களாலதான் போக முடியலன்னு எங்கமேல கோபமா?"

"ஆமா" என்றார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே உறைத்தது.

"கோபப்படுங்க. வேணாம்னு யார் சொன்னா? சாப்பிட்டுட்டுக் கோபப்படுங்க."

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். சாப்பிடும்போதே கண்ணீர் வந்தது. அவள் பார்க்காததுபோல் குழம்பு ஊற்றினாள்.

தடை இன்னும் நீங்கவில்லை. தங்கை மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறாள். முதலில் பிள்ளைகளின் படிப்பு மட்டும், பிறகு மற்றதும். போன மாதம் கேட்டாள்:

"எல்லாரையும் நீ அடக்கம் பண்ற. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அங்க யாருண்ணா இருக்கா?"

"தெரியலம்மா" என்றார். இந்தத் தடவை தொண்டை அடைக்கவில்லை. அடுத்த கோயிலில் ஜனங்கள் காத்திருந்தார்கள். ஜீப்பை எடுத்தார்.