எட்டாவது குழுவின் ராசிக்காரி

புஷ்பவள்ளி எனக்குச் சின்னம்மா முறை. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மலாயாவில் பாலிங் பக்கம் மூங்கிலாத்து ரப்பர்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டாள். வெள்ளைக்காரன் அந்தத் தோட்டத்துக்கு வைத்த பெயர் வேறு. அது எங்கள் ஆட்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

கல்யாணமான பதினோராம் மாதம் அவள் புருஷன் போய்விட்டான். ரப்பர்ப் பால் ஏற்றிய லாரியில் உட்கார்ந்து போனவனைக் காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். அவசரகாலம் தொடங்கிய மறு வருஷம் அது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்குத் தொழிலாளர் லயத்தில் ஒரே பெயர்தான், ராசியில்லாதவள். விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகிறவர்கள் அவள் எதிரே வந்தால் நின்றுவிடுவார்கள். அவள் கடந்து போன பிறகுதான் நடப்பார்கள். அது தெரிந்து அவளும் குழாயடி காலியான பிறகே குடத்தை எடுப்பாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் எங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி கதிரவேலுவுக்கு ஹாக்கி ஆசை பிடித்தது. யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணத்துக்குப் போனாலும் ஹாக்கிக் கம்போடு போகிற மனிதர். வட்டாரத்தில் ஏழு குழுக்கள் ஆடிக்கொண்டிருந்தன. எட்டாவதாக நம் தோட்டத்தையும் சேருங்கள் என்று எழுதிப் போட்டு, அனுமதியும் வாங்கிவிட்டார். ஆடப்போவது யார்? ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர்கள். வளைந்த கொய்யாக் கிளையை வெட்டித்தான் முதல் ஒரு மாதம் பழகினார்கள்.

பாலிங் திடலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த கவுஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிச்சண்ணே, உங்க ஆளுங்க கையில கம்பைக் குடுத்தா பந்தையா அடிப்பாங்க? திடல்ல நிக்கிற மரத்தைச் சீவிட்டு வந்துருவாங்க லா!"

பிச்சைக்கு முகம் சிவந்துவிட்டது. பிச்சை என்பவர் புஷ்பவள்ளி புருஷனுக்குப் பெரியப்பா மகன். அவருடைய மூத்த பிள்ளை குழந்தைவேலுதான் கோல் காக்கிறவன்.

முதல் ஆட்டத்தன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லாரி கிளம்ப மறுத்தது. இறங்கித் தள்ளினார்கள். லாரி போயிருக்கும் என்று நினைத்துப் புஷ்பவள்ளி குடத்தோடு வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்து லாரி உறுமிக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே திரும்பியது.

"தொலைஞ்சுது போ!" என்று பிச்சை துப்பினார். "நாலு கோல் வாங்கிட்டுத்தான் வரணும்."

மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்து வந்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தன்று லாரி தயாராக நின்றது, ஆட்கள் ஏறவில்லை. போன தடவை அவள் எதிரே வந்தாளே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆளாளுக்கு வாதாடினார்கள். கடைசியில் பிச்சையே அவள் வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா புஷ்பம், தண்ணி எடுக்கப் போகலியா?"

"குடம் நெறைய இருக்கு மாமா."

"அட, அதைக் கொட்டிட்டுப் போய் எடு லா!"

அன்றும் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு அவளை லாரியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் குழுவை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தபோது கவுஸ் கடையைப் போட்டுவிட்டுத் திடலுக்குள் ஓடிவந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தினார். திங்கட்கிழமை மரத்துக்கு மரம் அதே பேச்சு. பால் நிறுவைக்கு எல்லோரும் பிந்திப் போய்க் கிராணியிடம் வசவு வாங்க வேண்டியது. ஆனால் அன்று கிராணியும் பிந்தித்தான் வந்தார்.

ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்கப் புஷ்பவள்ளிக்கு அது பிடித்துப்போனது. கோலுக்கு முன்னால் கோடு போட்ட வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்பதை ஆண்களுக்கு முன்பே தெரிந்துகொண்டாள். பந்து எதிராளியின் காலில் பட்டால், "காலு! காலு!" என்று அவள் போடும் சத்தம் நடுவருக்கே எட்டும்.

லயத்திலும் எல்லாம் மாறியது. பெரட்டுக்குப் போகிற பெண்கள் அவளுக்காகக் காத்திருந்து சேர்ந்து போனார்கள். நாலு வீடு தள்ளியிருந்த மணியத்தின் பெண்டாட்டி பிரேமாவதி வீடு தேடி வந்தாள்.

"ஞாயிறு ஆட்டம் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. நீயும் வந்து ஒரு ஜோடி வளையல் போடணும் புஷ்பம்."

தாலி போனவளை வளையல் போடக் கூப்பிட்டதை அதற்கு முன் அந்த லயம் கண்டதில்லை. அன்று அவள் உலை வைக்கவே மறந்துபோனாள். சந்தோஷம் ஒரு பக்கம். அதற்கு முன் வரும் ஞாயிறு ஆட்டத்தில் தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம்.

அந்தப் பயத்தில்தான் பொங்கல் வைத்தாள். தன் ரேஷன் அரிசியில் பிடிபிடியாக ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து, மாரியம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் படைத்து, ஆட்டத்துக்கு முன் ஆளுக்கு ஒரு விரல், ஜெயித்த பிறகு மீதி கொடுக்கலாம் என்று பெரிய அண்டாவோடு லாரியில் ஏறினாள். சுற்றிலும் முள்வேலி போட்டிருந்த காலம். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. மீறினால் சிறை. அது எங்களில் யாருக்குத் தெரியாது? ஆனால் சாமிக்குப் படைத்ததைச் சோறு என்று ஒருவரும் நினைக்கவில்லை. லாரியில் இருந்த நாற்பது பேரில் ஒருவர் கூட.

கேட்டில் காவல் நின்ற அலி அண்டாவைத் திறந்தான். மலாய்க்காரன், நம் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவான்.

"நாசி தா போலே லா, அக்கா. சோறு வெளியே போகக் கூடாது."

"இது சோறு இல்ல தம்பி, பிரசாதம்."

"அரிசிதானே?"

அவள் அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அலி தலையைச் சொறிந்தான். அவனும் மூன்று ஆட்டம் பார்த்தவன்.

"கேட்டைத் தாண்டலியே. இங்கேயே மாக்கான் பண்ணிடுங்க. காலி அண்டா போகலாம்."

பிரசாதத்தைக் கொட்டவா முடியும்? ஆளுக்கு ஒரு விரல் என்றிருந்ததை ஆளுக்கு இரண்டு கை அள்ளித் தின்றார்கள். "கெதியா சாப்பிடுங்கோ, நேரம் போகுது! விளையாடுற ஆக்கள் கொஞ்சமா எடுங்கோ!" என்று கதிரவேலு கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று ஐந்துக்குப் பூஜ்யம். எங்கள் ஆட்கள் ஓடவே இல்லை.

 மறுநாள் பெரட்டுக்குப் போகிற பெண்கள் அவளுக்காக நிற்கவில்லை. புதன்கிழமை பிரேமாவதி அனுப்பிய ஒருத்தி வந்து சொன்னாள்: "பிள்ளை பொறந்து பேர் வைக்கிறப்ப வந்தாப் போதுமாம்." வெள்ளிக்கிழமை வளையல் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது. புஷ்பவள்ளி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு லாரி புறப்படும் முன் பிச்சை அவள் வாசலுக்கு வந்தார்.

"லாரி கேட்டைத் தாண்டுற வரைக்கும் வெளியே வராதேம்மா."

கதவு திறந்தது. நல்ல சேலை கட்டி, கேட்டில் காட்ட வேண்டிய அடையாளக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சப்ப நான் பந்தடிக்கல மாமா. தோத்தப்பவும் நான் அடிக்கல. ராசி பார்த்து என்னைக் கூட்டிட்டுப் போக வேணாம். எனக்கு ஆட்டம் பார்க்கணும், வர்றேன்."

"சொன்னாக் கேளும்மா..."

"அப்பா!" லாரியிலிருந்து குழந்தைவேலு கத்தினான். "ரெண்டு கை இல்ல, நான் அஞ்சு கை தின்னேன்! குனிய முடியல. அஞ்சு கோலும் காலுக்கு நடுவுல போச்சு. சின்னம்மாவை விடுங்க!"

லாரியே சிரித்தது. பிச்சை மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், யார் கையையும் பிடிக்காமல் பின்பலகையில் ஏறினாள். இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று ஒன்றுக்கு ஒன்று. அதை வைத்து நல்ல சகுனம் என்பதா, கெட்ட சகுனம் என்பதா, ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. எங்கள் ஆள் போட்ட இரண்டாவது கோலை நடுவர் செல்லாது என்று சொன்ன கோபம்தான் அவளுக்கு.

"வட்டத்துக்குள்ள நின்னுதான் அடிச்சான்!"

"வெளியிலேர்ந்து," என்றார் பிச்சை.

"உங்க கண்ணு அவிஞ்சு போச்சு மாமா. கோட்டுக்கு உள்ளே ஒரு முழம்!"

"ஒரு முழமா? ஏ, இவ பேசறதைக் கேளுங்க லா!"

தோட்டத்துக் கேட் வரும்வரை இருவரும் ஓயவில்லை. மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிடும்போதும் அவர் "வெளியே" என்றார், அவள் "உள்ளே" என்றாள். கிராணி பேரேட்டை மூடிவிட்டு, ஹாக்கிக் கம்பால் தரையில் வட்டம் போட நடுவில் வந்து நின்றார்.