கிருத்திகைக்கு முந்தின நாள் தின்ற பேத்தை

என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டபோது, "இட்லி" என்று பொய் சொன்னேன். என் பாவாவின் (அக்காவின் கணவர்) மூச்சு அப்போது குறைந்துகொண்டிருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அறியாமல் சொன்னேன் என்று ஒதுங்க எனக்கு வழியில்லை. நாளைக்கு ஏதோ ஒரு மருத்துவமனையில், இதே கேள்விக்கு முன்னால் நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். பாவாவின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் காவடி எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். இருவரும் திருவாலங்காட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அக்கா மாலை போட்ட நாள் முதல் கவிச்சி (மீன், இறைச்சி) கிடையாது. பாவாவும் மாலை போட்டிருந்தார். கரும்பு விவசாயி. மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர்.

அக்காவும் என் மனைவியும் காவடிக்குப் பூ வாங்கக் கிளம்பியதும், நாங்கள் என் கழனிக்குப் போனோம். வழியில் பைக்கில் பெட்டி கட்டிக் கடல் மீன் விற்பவர் நின்றிருந்தார். விரத நாளில் அவரிடம் வாங்க ஆளில்லை. தலை வெட்டி, தோலுரித்த துண்டுகள். கூடவே சினை (மீன் முட்டைத் திரள்). வாங்கியது நான்தான்.

வீட்டுப் பாத்திரத்தில் கவிச்சி படக்கூடாதென்று, பம்பு செட்டில் கிடந்த பழைய சட்டியில் வறுத்தோம். எங்கள் குடும்பத்தில் சினை வீட்டு மாப்பிள்ளைக்கு உரியது. முழுவதையும் பாவாவின் இலையில் வைத்தேன்.

"இன்னா மச்சான், முள்ளே இல்ல! உங்கக்காவுக்குத் தெரிஞ்சா நம்மள இதே சட்டியில வறுத்துடுவா" என்று சிரித்தார்.

முள் இல்லாதது என்னை உறுத்தியது. பேத்தை மீனுக்கு விலா எலும்பு கிடையாது. அதனால்தான் யாராவது துரத்தினால் தண்ணீரை விழுங்கிப் பந்தாக உப்ப முடிகிறது. அதற்கும் அஞ்சாமல் கடிப்பவனுக்கு நஞ்சு காத்திருக்கிறது. ஈரலிலும் சினையிலும் அது மிகுதி. நரம்புகளில் செய்தி ஓடும் நுண்ணிய வாசல்களை அது அடைத்துவிடும். மீனின் வாசல்கள் வேறு அமைப்பு என்பதால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. கொதித்தாலும் வறுத்தாலும் வீரியம் போகாது. இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். 'எல்லா மீனுமா பேத்தை' என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு துண்டு தின்றேன்.

வீடு திரும்பும்போதே, "உதடு மரத்துகினு வருதுடா" என்றார் பாவா. வாசலில் வாந்தி எடுத்தார். கால்கள் துணி மாதிரி மடிந்தன. பூக்கூடையோடு வந்த அக்கா அதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

மருத்துவமனையில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். பாவாவின் இமைகள் தொங்கிவிட்டன. பேச்சு குழறியது.

"என்ன சாப்பிட்டாருங்க?"

அக்கா கழுத்தில் மாலையோடு என் அருகில் நின்றாள்.

"இட்லி" என்றேன்.

"வயல் பக்கம் போனாரா?"

"ஆங், போனாரு."

கட்டுவிரியன் கடித்தாலும் இப்படித்தான் இமை தொங்கும், மூச்சுத் தசைகள் தளரும். கடிவாய் தெரியாமலும் இருக்கும். மருத்துவர் டார்ச் அடித்து அவருடைய கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இல்லாத பல் தடத்தை அவர் தேடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாம்பு நஞ்சுமுறி (நஞ்சை முறிக்கும் ஊசி மருந்து) எடுத்து வரச் சொன்னார். அதுவே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது.

அப்போது என் நாக்கு நுனி மரத்தது.

"டாக்டர், மீன் சாப்பிட்டோம். பேத்தை மீன். சினை முழுக்க அவருதான் சாப்பிட்டாரு."

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "இத அப்பவே சொல்லக்கூடாதா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தொண்டையில் குழாய் செலுத்தத் தயாரானார். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. அது உடலை விட்டு வெளியேறும்வரை வென்டிலேட்டர் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் இயந்திரம்) காப்பாற்ற வேண்டும்.

விரதம் கெட்டதைப் பற்றி அக்கா கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து, "சாமிக்குப் பயந்தியா, எனக்குப் பயந்தியாடா? அவரு சாவறத பாத்துகினே நின்ன இல்ல?" என்றாள்.

அதற்குப் பின் அவள் என்னோடு பேசவில்லை. காவடி எடுக்கவும் இல்லை.

பாவாவையும் என்னையும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். என் மரப்பு சீக்கிரம் விலகியது. பாவா அசைவற்றுக் கிடந்தார். கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. உறவினர் ஒருவர் கட்டிலருகிலேயே, "ஊருக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டார். தலைமை மருத்துவர் அவரை வெளியே அனுப்பினார். "மூளைக்கு ஒண்ணும் ஆகல. அவருக்கு எல்லாம் கேக்கும்" என்றார்.

அப்படியானால் நான் 'இட்லி' என்று சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்கும்.

கேட்டிருந்தது. நஞ்சு இறங்கிக் குழாய் எடுத்த பிறகு, கரகரத்த குரலில் அவரே சொன்னார்: "எழுந்து உன்ன ஒரு அறை உடலாம்னு பாத்தேன் மச்சான். கை வரல." சிரித்தார். பிறகு அழுதார். உள்ளே விழித்தபடி, உடல் தன்னுடையதே அல்ல என்பதுபோலக் கிடந்தாராம். எவ்வளவு காலம் என்று அவருக்குத் தெரியவில்லை. பல வருடம் என்றுதான் இன்றும் சொல்கிறார்.

என்னால் ஆனதைச் செய்தேன். மீன்காரரைத் தேடிப்போய்ச் சொன்னேன். "கடலோரம் சினையை எடுத்துட்டுத் துன்றாங்க சார்" என்றவர், அந்த மீனை இனித் தொடுவதில்லை என்றார். உறவினர் எல்லோரையும் கூட்டி, மீன் வாங்கியதும் பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அக்காவின் காவடியை நான் எடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது.

பாவாவால் இப்போது தனியாகக் கண்ணை மூட முடியாது. மூடினால் அந்த மருத்துவமனைக் கட்டில் நினைவில் திரும்பிவிடுகிறது. யாராவது அருகிலிருந்து பேசவேண்டும். அதனால் மதியம்தோறும் பஸ் ஏறித் திருவாலங்காடு போகிறேன். ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள், மழை, தேர்தல் என்று எதையாவது அவர் தூங்கும்வரை பேசுகிறேன். அக்கா காபியை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள்.

போன வாரம் அவர் தூங்கிவிட்டார். நான் பேச்சை நிறுத்தி அவருடைய மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வரத் தாமதித்தது. இப்போது எனக்குக் காலம் என்பது அந்த இடைவெளிதான். அதற்குள் என் மூச்சும் நின்றுவிடுகிறது.

கதவருகில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மூச்சு வருதாடா?" என்றாள்.

மார்பு மேலெழுவதை முழுவதும் பார்த்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"வருதுக்கா."