வரவேண்டாம் என்று சொன்னது நான்தான்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. துபாயில் ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டிய ஒரு வேர்ஹவுஸில் நான் அப்போது வேலை பார்த்தேன். அங்கே தொடங்கி, நடுவில் நான்கு நாள் ஐரோப்பாவில் பிராக் நகரத்துக்குப் போய், திரும்ப அங்கேயே வந்து முடிந்த கதை இது. என் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் பாதி என் மேலேயேதான் என்பதையும்.

நான் அட்மின் பிரிவில் இருந்தேன். விசா, டிக்கெட், தொழிலாளர்கள் தங்கும் கேம்பின் பஸ், பிறந்தநாள் கேக் என்று யாருக்கும் சொந்தமில்லாத வேலையெல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். சொந்த ஊர் திருச்சி. கணவர், பிள்ளைகளோடு ஷார்ஜாவில் குடியிருந்தோம்.

அந்த வருடம் எங்கள் கிளைக்குப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். பளு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர், அறந்தாங்கிப் பக்கம், நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஒருநாள் மதியம் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த உயரமான ரேக் ஒன்று சாய ஆரம்பித்தது. கீழே இரண்டு நேபாளிகள் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் விலகி ஓட, இவர் மட்டும் வண்டியை அந்த ரேக்கை நோக்கியே ஓட்டினார். அதன் இரும்புக் கரங்களை உயர்த்தி ரேக்குக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அந்த இரண்டு பேரும் வெளியே பாய்ந்த பிறகு பெட்டிகள் இவர் தலைக்கு மேலிருந்த வண்டிக் கூண்டின் மீது சரிந்தன. தோள்பட்டை இறங்கிவிட்டது. இரண்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கேம்பில் கிடந்தார்.

தலைமை அலுவலகம் மேலாளரும் நானும் உட்பட எங்கள் கிளையிலிருந்து பதினான்கு பேரைப் பிராக் நகரத்துக்கு அனுப்பியது. அந்த அண்ணன் கட்டாயம் போக வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் நிறுவனம் அந்த ஊரில்தான் இருந்தது. கடைசி நாள் மதிய விருந்துக்கு அவர்களில் இருவர் வந்து விருதுக் கேடயத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. விருந்துக்கு இடம் தேடும் பொறுப்பு எனக்கு.

நான் அதில் மூழ்கிப் போனேன். அந்த மாதிரி ஊரில், ஒரு பழைய ஹோட்டலின் பெரிய ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது என் கனவாகவும் இருந்தது. பிள்ளைகள் படுத்த பிறகு ஒவ்வொரு ஹோட்டலின் படங்களையும் விமர்சனங்களையும் பார்ப்பேன். ஒன்றில் ஆறு தெரிந்தது, ஆனால் மாட்டிறைச்சி தவிர மெனுவில் பெரிதாக எதுவும் இல்லை. எங்களில் பாதிப் பேர் அதைத் தொட மாட்டோம். இன்னொன்றில் சைவம் கேட்டதற்கு ஒரு சாலட்டை எழுதி அனுப்பினார்கள். கடைசியில் அந்த ஊர்க் கோட்டைக்குக் கீழே ஒரு பழைய மாளிகை ஹோட்டல் அமைந்தது. கூரையெல்லாம் ஓவியம். சமையல்காரரே பதில் எழுதி, யார் யாருக்கு என்னென்ன ஆகாது என்று வரிசையாகக் கேட்டார். ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது வேறு காரணத்துக்காக. மற்ற இடங்களில் எங்களை நான்கைந்து மேஜைகளாகப் பிரித்து உட்கார வைப்பதாகச் சொன்னார்கள். இங்கே பதினாறு பேரும் ஒன்றாக உட்கார ஒரே நீள மேஜை இருந்தது. இந்த விருந்து யாருடைய மரியாதைக்காக என்று அண்ணனின் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

அண்ணன் விசா பேப்பர்களில் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் அந்த விருந்தைப் பற்றி விசாரிப்பார்.

"கோட்டு போடணுமாமே மேடம்?"

"ஆமாண்ணே, அங்க அப்படித்தான்."

"அப்ப தைச்சுப்புடுறேன். எம்பொண்ணு வேற வீடியோ கால்ல கத்தி எந்தக் கை, முள்கரண்டி எந்தக் கைன்னு பாடம் எடுக்குது. பரோட்டாவ வச்சு பிராக்டிஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

பர் துபாயில் ஒரு தையல்கடையில் அளவு கொடுத்துக் கருநீலக் கோட் தைத்துக்கொண்டார்.

பிராக் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் தங்கியது வேறொரு சாதாரண ஹோட்டல். முதல் மூன்று நாளும் நன்றாகத்தான் போயின. கடைசி நாள் காலை உணவின்போது அண்ணன் அவித்த முட்டையைக் கையால் பிட்டு, ரொட்டியில் வைத்து, ஊரிலிருந்து வந்த பொடியைத் தூவிச் சாப்பிட்டார். பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். எங்கள் மேலாளர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

சாப்பிட்டு எழுந்ததும் மேலாளர் என்னை லிஃப்ட் பக்கம் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளர்களிடம் ஹிந்தியிலும் என்னிடம் ஆங்கிலத்திலும்தான் பேசுவார். மதிய விருந்து அந்த டிரைவருக்குச் சரிப்படாது, அவருக்கே கூச்சமாக இருக்கும், வாடிக்கையாளர் முன்னால் நமக்கும் சங்கடம், அறைக்கே நல்ல சாப்பாடாக வரவழைத்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். "நீங்கள் அவருடைய மொழிக்காரர். பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் இல்லாவிட்டால் விருதே இல்லை, நாங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கவே மாட்டோம். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. "ஓகே சார்" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. மேலாளர் சொன்னால் ஓகே சார் என்று பல வருடம் சொல்லிப் பழகிய வாய், அவ்வளவுதான்.

அண்ணன் அறைக் கதவைத் திறந்தபோது கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். விருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"அண்ணே, அங்க இடம் கொஞ்சம் கம்மியாப் போச்சாம். கிளையன்ட் ஆளுங்க கூடுதலா வர்றாங்களாம். உங்களுக்கு ரூமுக்கே நல்லதா சொல்லிடுறேன்ணே."

பொய். பச்சைப் பொய். பதினாறு நாற்காலியை எண்ணிப் பதிவு செய்தவளே நான்தான்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ரெஸ்டாரன்ட் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. நீள மேஜையின் நடுவில் ஒரு நாற்காலிக்கு முன்னால் மட்டும் சின்னப் பூங்கொத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் இருந்த மெனு அட்டையில், முதல் வரியில் அண்ணனின் பெயர் அச்சாகியிருந்தது. என் மின்னஞ்சலை அவர்கள் அவ்வளவு மதித்திருந்தார்கள். அவரை ஒருநாளும் பார்த்திராதவர்கள்!

பரிமாற வந்த அம்மையார் வாய் நிறையச் சிரிப்போடு, இந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டார். மேலாளர் கூசாமல், அவருக்கு உடம்பு சரியில்லை என்றார். வாடிக்கையாளர் இருவரும் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். அவர் சீக்கிரம் குணமடைய வேண்டும் என்று சொல்லி ஒருவர் கிளாஸை உயர்த்த, நாங்கள் எல்லோரும் கிளாஸை உயர்த்தினோம். கல்லுக்குண்டு மாதிரி அறையில் இருக்கிற மனிதருக்காக! நானும் உயர்த்தினேன்.

சூப் வந்தது, வாத்துக் கறி வந்தது, எனக்குக் காளானில் ஏதோ செய்து தந்தார்கள். ருசி எதுவும் ஞாபகம் இல்லை. கேடயத்தை மேலாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னவோ அவரே ரேக்குக்குத் தோள் கொடுத்தது போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாம் முறையும் எடுத்தேன்.

புறப்படும்போது மனசு கேட்காமல் அந்த அம்மையாரிடம் சொல்லி ஒரு பெட்டியில் வாத்துக் கறியும் இனிப்பும் கட்டி வாங்கிக்கொண்டேன். ஹோட்டலுக்குத் திரும்பியபோது அண்ணன் சாதாரண சட்டையில், பையைக் கட்டி வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். அறைக்கு வந்த சாப்பாட்டை அவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. நான் பெட்டியை நீட்டினேன்.

"என்ன மேடம், மிச்சமா?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. சத்தம் போடாமல், என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"அந்தாளு மூஞ்சிக்கு நேரா ஹிந்தியில சொல்லியிருந்தா, நானும் ஹிந்தியிலயே நாலு கேட்டிருப்பேன். நீங்க வந்து தமிழ்ல, அண்ணேன்னு கூப்புட்டு சொன்னீங்க பாருங்க. எனக்கு வாயே வரல. இடம் இல்லைன்னு பொய் வேற. நான் என்ன சின்னப் புள்ளையா?"

பெட்டியை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். விமானத்தில் அவருக்கு நான்கு வரிசை தள்ளித்தான் இடம். ஆறு மணி நேரத்தில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நடந்ததுதான் பெரிய விஷயம். வேர்ஹவுஸ் முன்னாலிருந்த யார்டில் வாரத்தின் முதல் நாள் காலை ஏழு மணிக்குத் தொழிலாளர்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவார்கள். அன்று மேலாளர் கேடயத்தோடு வந்து, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, இதை நம்முடைய வீரர் கையில் கொடுக்கிறேன் என்று அண்ணனை முன்னால் கூப்பிட்டார். நான் கேமராவோடு நின்றேன், வேறென்ன.

அண்ணன் வந்தார். கையை நீட்டவில்லை. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார்.

"ஆப்னே லியா நா, சாப். ஆப் ஹீ ரக்கோ."

நீங்கதானே வாங்கிக்கிட்டீங்க, நீங்களே வச்சுக்கங்க. அவ்வளவுதான். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். யாரும் கை தட்டவில்லை. பாகிஸ்தானி, வங்காளி, நேபாளி, மலையாளி, அத்தனை பேரும் மேலாளரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "யல்லா, யல்லா, கிளம்புங்கள், வேலையைப் பாருங்கள்" என்று கத்திவிட்டு அவர் உள்ளே போனார்.

பத்து நிமிடத்தில் எனக்கு அழைப்பு. மேலதிகாரியை அவமதித்ததாக அந்த டிரைவருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்யுங்கள் என்றார். கல்ஃபில் அந்தக் கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்ப அது ஒன்று போதும். அவர் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

"எழுத மாட்டேன் சார்" என்றேன்.

அவருக்குக் காதில் சரியாக விழவில்லை போல. மறுபடியும் சொன்னேன். உடம்பு சரியில்லை என்று நீங்கள் சொன்னது பொய், இடம் இல்லை என்று நான் சொன்னதும் பொய், இந்த இரண்டையும் சேர்த்து எழுதச் சொன்னால் எழுதுகிறேன் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதுகொண்டே சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மாலையே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, நான் கொண்டு வந்திருந்த மெனு அட்டையையும் படம் எடுத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான் செய்ததையும் மறைக்கவில்லை.

பெரிய நியாயம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. "கவனத்தில் கொண்டோம்" என்று இரண்டு வரிப் பதில் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் போகவில்லை, அது மட்டும்தான் லாபம். மேலாளர் அதே அறையில் இருந்தார். என்னைத்தான் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் நானே வேலையை விட்டேன்.

அண்ணன் எனக்கு முன்பே புஜைரா துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒருநாள் நம்பர் வாங்கிப் பேசினேன்.

"தப்பு என் மேலதாண்ணே. மன்னிச்சிருங்க."

"கடுதாசி எழுத மாட்டேன்னு சொன்னீங்களாமே. கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு, "டூட்டிக்கு நேரமாச்சு மேடம், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அன்று அது எனக்கு வலித்தது. இன்று யோசித்தால், அவர் ஏன் சொல்ல வேண்டும்? பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் நாம் இந்த மேலாளர்களை எல்லாம் வளர்த்து வைத்திருக்கிறோம். ஒரு மனிதரை மேஜையிலிருந்து எழுப்ப நினைப்பவர்கள் தாங்களாக வந்து எழுப்புவதில்லை. அதற்கு நம் வாயை இரவல் கேட்கிறார்கள். என் வாயை இனி யாருக்கும் இரவல் தருவதாக இல்லை.